கட்டைவிரலா, ஆள்காட்டி விரலா? பூட்டுள்ள துப்பாக்கி உறைகள் ஓர் ஒப்பீடு

டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில் ஆயுதம் தாங்கிய பாதுகாவலர் வேலைக்கு வரும் புதியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்றுதான். உறையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. துப்பாக்கிக்கு 600 டாலர் கொடுத்தவருக்கு ஹோல்ஸ்டர் என்று வந்ததும் 30 டாலருக்கு மேல் மனம் வராது. ஆனால் வெளியே தெரிகிற துப்பாக்கியை, கடை வாசலில் வாக்குவாதம் முற்றும்போது எவன் வேண்டுமானாலும் பிடித்து இழுக்கலாம். வெளித்தெரிய எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டரில் இருக்க வேண்டும் என்கிறது டெக்சஸ் சட்டம். அந்த ஹோல்ஸ்டரில் பூட்டு இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே பொறுப்பு நம்முடையது.

பெட்டியின் மேல் ‘லெவல் 2’, ‘லெவல் 3’ என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த எண்களின் கதை தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். எஃப்.பி.ஐ.யில் பணியாற்றிய பில் ராஜர்ஸ் 1970-களில் வகுத்த சோதனை இது. ஒருவர் துப்பாக்கியை உறையில் பூட்டிப் பெல்ட்டில் மாட்டிக்கொள்ள, இன்னொருவர் 5 விநாடி முழு பலத்தோடு எந்தப் பக்கமும் இழுக்க வேண்டும். வெளியே வராவிட்டால் லெவல் 1. முதல் பூட்டைத் திறந்துவிட்டு மீண்டும் 5 விநாடி இழுத்தும் வராவிட்டால் லெவல் 2. அப்படியே மேலே. ராஜர்ஸின் ஹோல்ஸ்டர் நிறுவனத்தை 1985-இல் சேஃபாரிலேண்ட் என்ற இன்னொரு ஹோல்ஸ்டர் நிறுவனம் வாங்கியது. மற்ற நிறுவனங்கள் இந்தச் சோதனையைச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

விளைவைப் பாருங்கள். ஒரே ஒரு பொத்தானும் இறுக்கும் திருகும் கொண்ட, பிளாக்ஹாக் நிறுவனத்தின் செர்பா உறை, லெவல் 2 என்று விற்கப்படுகிறது. ஒரே ஒரு கட்டைவிரல் நெம்புகோல் கொண்ட சேஃபாரிலேண்ட் ஏ.எல்.எஸ். உறையை அந்த நிறுவனமே லெவல் 1 என்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் செர்பாவை எடுத்துக்கொண்டு போவார். அதன் விலையும் ஏ.எல்.எஸ். விலையில் பாதிக்கும் கீழே இருக்கலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். செர்பாவில் பூட்டு, ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்தைப் பிடித்துக்கொள்கிறது. திறக்கும் பொத்தான் உறையின் வெளிப்பக்கம், ஆள்காட்டி விரல் படும் இடத்தில். விரலை நீட்டி, அதன் உட்பக்கத்தால் அழுத்தினால் துப்பாக்கி அழகாக வெளியே வரும், விரலும் ட்ரிக்கருக்கு மேலே, துப்பாக்கியின் உடல்பாகத்தின் மீது நேராக நிற்கும். அமெரிக்க மரீன் படையே இதைப் பயன்படுத்தியது என்பதால் குப்பைச் சரக்கு என்று தள்ள முடியாது. ஆனால் பதற்றத்தில் யாரும் விரலை நீட்டி அழுத்துவதில்லை. விரல் நுனியை வளைத்துக் குத்துகிறோம். துப்பாக்கி மேலே ஏறும்போது, உள்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் அதே விரல் நேரே ட்ரிக்கரில் போய் விழலாம். தொடையில் சுட்டுக்கொள்வது இப்படித்தான். பொத்தானை அழுத்தும் முன்பே துப்பாக்கியை மேலே இழுத்தால் பூட்டு சிக்கிக்கொள்கிறது. சிக்கியதும் மனிதன் இன்னும் அழுத்துகிறான். பொத்தானுக்கு அடியில் சிறு கல் புகுந்தால் திறக்காமலே போகவும் கூடும். அமெரிக்க மத்திய அரசின் சட்ட அமலாக்கப் பயிற்சி மையம் உட்படப் பல பயிற்சிக் கூடங்கள் இதை அனுமதிப்பதில்லை. பிளாக்ஹாக் பிறகு கொண்டுவந்த டி-சீரிஸ் உறைகளில் திறக்கும் வேலையைக் கட்டைவிரலிடமே கொடுத்துவிட்டது. எனக்கு அதுவே போதுமான பதில்.

ஏ.எல்.எஸ். பிடித்துக்கொள்வது காலித் தோட்டா வெளியேறும் திறப்பை. துப்பாக்கியை உறையில் இறக்கியதும் தானே பூட்டிக்கொள்ளும். பிடியைப் பற்றும்போது கட்டைவிரல் இயல்பாக வரும் இடத்தில் நெம்புகோல் இருக்கிறது. அதைப் பின்னோக்கி இழுத்தால் திறக்கும். ஆள்காட்டி விரலுக்கு எந்த வேலையும் இல்லை, வெளிப்பக்கம் நீண்டே கிடக்கும். நான் இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இந்த ஒன்றே.

சீருடையில் நிற்பவருக்கு இதுவும் போதாது. சேஃபாரிலேண்டின் 6360 மாடலில் ஏ.எல்.எஸ்.ஸோடு எஸ்.எல்.எஸ். என்ற மேல்வளையமும் உண்டு. கட்டைவிரலால் கீழே அழுத்தி முன்னால் உருட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து லெவல் 3. தாமதமாகுமே என்று கேட்பார்கள். முதல் வாரம் ஆகும். காலித் துப்பாக்கியோடு தினம் 20 முறை பழகினால், சில வாரங்களில் வளையமும் நெம்புகோலும் ஒரே அசைவாகிவிடும். அதைச் செய்ய நேரமில்லை என்பவர் 6390-ஐ எடுக்கட்டும். அதில் ஏ.எல்.எஸ். மட்டும்தான். பழகாத லெவல் 3-ஐவிடப் பழகிய லெவல் 1 பாதுகாப்பு.

பட்டன் வார் வைத்த தோல் ஹோல்ஸ்டர் கண்ணுக்கு அழகு, சத்தமும் இல்லை. ஆனால் பட்டன் தளர்ந்துவிடும். தோல் மிருதுவானதும் வாய் மடிந்துகொள்ளும். அந்த மடிப்பு ட்ரிக்கர் வளையத்துக்குள் புகுந்தால், துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போதே வெடிக்கக்கூடும். வேலைக்கு வேண்டாம்.

சட்டைக்குள் மறைத்து வைப்பவருக்குப் பூட்டு அவசியமில்லை. ட்ரிக்கரை முழுவதும் மூடும், இறுக்கமான கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) உறை போதும். பார்க்காததை எவனும் இழுக்க மாட்டான்.

பெல்ட்டை மறந்துவிடாதீர்கள். எங்கள் பயிற்சியில் நீலநிற பிளாஸ்டிக் துப்பாக்கியை வைத்து ஒருவரை ஒருவர் இழுத்துப் பார்ப்போம். ஒருமுறை ஒரு தம்பியின் உறைப் பூட்டு அசையவே இல்லை, ஆனால் இடுப்பில் செருகும் தட்டு வகை என்பதால் உறையோடு சேர்ந்தே துப்பாக்கி என் கையில் வந்துவிட்டது. அவன் முகம் வெளிறியது இன்னும் நினைவில் இருக்கிறது. உறையைப் பெல்ட்டோடு திருகாணியில் பிணைக்கும் வகையையும், வளையாத தடித்த பெல்ட்டையும் வாங்குங்கள்.

துப்பாக்கியில் விளக்கு மாட்டியிருந்தால், அதே விளக்குக்கென்று செய்த உறைதான் பொருந்தும். விளக்குக்கு இடம் விட்டிருப்பதால் அந்த உறைகளின் வாய் அகலம். புதிதாக வாங்கியதும் தோட்டா இல்லாத துப்பாக்கியை அதில் பூட்டி, மேலிருந்து விரலை விட்டு ட்ரிக்கரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். தொட முடிந்தால் அன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.