ஆப்பு வாஷர் வாங்கலாமா? ஒரு வருடம் ஓட்டிய பிறகு

ஷெட்டில் குழாயை வெட்டி, வெல்ட் பண்ணி, பழைய லோட்டஸ் செவன் சாயலில் ரெண்டு பேர் உட்காரும் கார் ஒன்றை நானே கட்டினேன். மூன்றாவது நீண்ட ஓட்டத்தில் முன்பக்கம் இடது மூலையிலிருந்து ஒரு சத்தம். பிரேக்கை மிதித்தால் ஒரு 'டக்', விட்டால் இன்னொரு 'டக்'. ஜாக்கி போட்டு ஏற்றிப் பார்த்தேன். கீழ் விஷ்போனின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) பின்பக்க போல்ட், நட்டோடு சேர்ந்து விரலுக்கே சுற்றியது. உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் என்பதால் மரையை விட்டு வெளியே வரவில்லை, அவ்வளவுதான். அடியில் ஸ்பிரிங் வாஷர் வேறு தட்டையாகப் படுத்திருந்தது.

அன்று ராத்திரியே ஆர்டர் போட்டதுதான் இந்த ஆப்பு வாஷர். நார்ட்-லாக் என்ற ஸ்வீடன் கம்பெனியின் பெயரையே இந்த வகைக்கும் பலர் சொல்வார்கள். நான் வாங்கியது வேறொரு மேக். ரெண்டு ரெண்டாக ஒட்டி வரும். வெளிப்பக்கங்களில் நைஸான பற்கள், உள்ளே ஒன்றோடொன்று பொருந்தும் சரிவுகள். இந்தச் சரிவு போல்ட் மரையின் சரிவைவிடக் கூடுதல், சூட்சுமமே அதுதான். நட் பின்னால் சுழலப் பார்த்தால், பற்கள் நட்டையும் விஷ்போனைப் பிடிக்கும் பிராக்கெட்டையும் கடித்துக்கொண்டிருப்பதால் வாஷர்களுக்கு நடுவில்தான் நகர வேண்டும். நகர்ந்தால் சரிவில் ஏற வேண்டும். ஏறினால் போல்ட் இன்னும் இழுபட்டு இறுகும். கழலப் போகிறவனுக்கே ஆப்பு!

ஸ்பிரிங் வாஷர் இதில் எந்த மூலைக்கும் ஆகாது. 1990-இல் வந்த நாசாவின் ஃபாஸ்டனர் (போல்ட், நட் வகையறா) கையேடே, முழுசாக இறுக்கியதும் அது வெறும் தட்டை வாஷர்தான், லாக் பண்ண உதவாது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. அதற்கும் முன்னால், 1969-இல், ஜெர்மன் பொறியாளர் ஜுங்கர் காட்டியது இது: போல்ட்டை அதன் நீளவாக்கில் இழுப்பதைவிட, அது பிடித்திருக்கும் துண்டுகள் பக்கவாட்டில் வழுக்குவதுதான் கழலுவதற்குப் பெரிய காரணம். விஷ்போன் போல்ட்டில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கவாட்டு இழுப்புதான் நடக்கிறது. பிடி பலமாக இருந்தால் வழுக்காது, வழுக்காவிட்டால் கழலாது.

இதைப் படித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. வாஷரைப் போடுமுன் எல்லாவற்றையும் பிரித்து அளந்தேன். புஷ்ஷின் (விஷ்போன் முனையில் இருக்கும் ரப்பர் உருளை) உள்குழாயைவிட பிராக்கெட்டின் இடைவெளி 1.5 மி.மீ அதிகம். 80 நியூட்டன் மீட்டர் வைத்து டார்க் ரெஞ்ச் (வைத்த இறுக்கம் வந்ததும் சொல்லும் ஸ்பானர்) 'க்ளிக்' என்றது உண்மை. ஆனால் அதில் பாதி பிராக்கெட்டின் காதுகளை உள்ளே வளைக்கவே செலவாகியிருக்கிறது, குழாயைப் பிடித்தது மிச்சம்தான். போதாக்குறைக்கு, நட்டுக்கு அடியில் தடிமனான பவுடர் கோட்டிங். அது நாளாக ஆக நசுங்கி, இருந்த பிடியையும் விட்டுவிட்டது. வெல்ட் பண்ணியது நான், பெயின்ட்டுக்குக் கொடுத்ததும் நான். யாரைத் திட்ட? (மரை கழன்றவன் என்று வீட்டில் ஏற்கெனவே பெயர். இப்போது ஆதாரமும் கிடைத்துவிட்டது.)

காதுகளுக்குள் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைத்து, அடியில் கோட்டிங்கைச் சுரண்டி, கார் தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது இறுக்கினேன். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். இடது பக்கம் முழுக்க ஆப்பு வாஷர். வலது பக்கம் அதே பழுதை அதேபோலச் சரிசெய்து, புது நைலாக் மட்டும். ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிராக்கெட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு.

6,000 கி.மீ ஆயிற்று. இடது பக்கக் கோடுகள் அசையவில்லை. வலது பக்கமும் அசையவில்லை.

அதற்காக வாஷர் வீண் என்று சொல்ல மாட்டேன். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டுக்குக் கை போகாது, எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் நைலானை அங்கே நம்ப முடியாது. 120 டிகிரி தாண்டினால் நைலான் இளகிவிடும், முழு உலோகமான இதற்கு அந்தக் கவலை கிடையாது. அந்த இடத்துக்கு மறுபடியும் இதைத்தான் வாங்குவேன். கழற்றும்போது 'டிக் டிக்' என்று சரிவு தாண்டும் சத்தம் கேட்டால், இத்தனை நாளும் பிடித்துத்தான் இருந்திருக்கிறது என்று ஒரு திருப்தி.

தொல்லைகளும் உண்டு. போல்ட் தலைக்கு அடியில் ஒரு ஜோடி, நட்டுக்கு அடியில் ஒரு ஜோடி போட வேண்டும். என்னுடையதில் ஜோடிக்கு 2.5 மி.மீ, ஆக 5 மி.மீ போல்ட் நீளம் போச்சு. இருந்த போல்ட்டெல்லாம் குட்டையாகி, மரை நட்டுக்கு வெளியே எட்டவில்லை. வேறு நீளத்தில் வாங்கி வர மூன்று நாள் கார் ஜாக்கி ஸ்டாண்டிலேயே நின்றது. பாக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பற்கள் கடித்த இடத்தில் பெயின்ட் போய்த் துருப் பிடிக்கும், கிரீஸ் தடவிவிட வேண்டும். சரிவுகள் உள்ளே பார்த்துப் பொருந்தாமல் தலைகீழாகப் போட்டால் பயனே இல்லை. முதல் தடவை ஒரு ஜோடியை நானே அப்படித்தான் போட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை. பெயின்ட் மார்க்கருக்கு ஐந்துக்கு ஐந்து. இப்போதெல்லாம் காரை வெளியே எடுக்குமுன் டார்ச் அடித்துப் பதினாறு மஞ்சள் கோட்டையும் எண்ணிவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன்.