பழைய பிக்கப்பின் பின்பெட்டிக்கு வாங்கிய போல்ட் தொகுப்பு: வலிமை சரி, நீளம் சரியில்லை

பழைய பிக்கப்பின் பின்பெட்டியைச் சேஸிஸிலிருந்து இறக்கியபோது, எட்டு போல்ட்டுகளில் மூன்று தலை முறிந்து ஸ்பேனரோடு வந்துவிட்டன. கழன்று வந்த மற்ற ஐந்தும் பார்வைக்குத் திடமாகவே இருந்தன. ஆனால் துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் காலிப்பரை வைத்துப் பார்த்தால், 12 மி.மீ. இருக்க வேண்டிய தண்டு, சேறும் தண்ணீரும் தேங்கும் இடுக்கில், அதாவது பெட்டியின் தகடு சேஸிஸின் மேல் உட்காரும் இடத்தில், 10 மி.மீ. அளவுக்கு இளைத்திருந்தது. விட்டத்தில் 2 மி.மீ. தானே என்று தோன்றும்; குறுக்குப் பரப்பில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழப்பு. பழையதைத் தேய்த்துத் திரும்பப் போடும் எண்ணத்தை அத்துடன் விட்டுவிட்டு, பின்பெட்டிக்கென்றே விற்கப்படும் எட்டு போல்ட் தொகுப்பு ஒன்றை வாங்கினேன்.

உள்ளே இருந்தவை 1.75 மி.மீ. மரை இடைவெளி கொண்ட 12 மி.மீ. போல்ட்டுகள், அகன்ற விளிம்புத் தலை, தலையில் 10.9 என்ற முத்திரை, உடன் 10 என்று குறித்த நட்டுகள். முத்திரையின் முதல் எண், அறுபடும் வலிமை 1000 மெகாபாஸ்கல் (பரப்பின் மேல் விழும் விசையை அளக்கும் அலகு) என்பதையும், இரண்டாவது எண், அதில் 90 விழுக்காடு வரை போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதையும் சொல்கின்றன. அங்குல அளவு வண்டிகளில் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள் இருக்கும்: மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. அரை அங்குலமும் 12 மி.மீட்டரும் ஒன்றுதான் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அரை அங்குலம் 12.7 மி.மீ.; 12 மி.மீ. போல்ட்டை அரை அங்குல நட்டில் மாட்டினால் தளர்வாக ஏறி, இறுக்கும்போது மரை வழுக்கிவிடும்.

வலிமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை நீளத்தில்தான். எட்டும் ஒரே நீளம். என் வண்டியிலோ முன்பக்கத்து இரண்டு இடங்களில் தடித்த ரப்பர் பட்டையும் இரும்புத் துண்டும் இடையில் உள்ளன. அங்கே நட்டை முழுதும் ஏற்றியும் போல்ட்டின் முனை வெளியே எட்டிப் பார்க்கவே இல்லை. இரண்டு மரையாவது நட்டைத் தாண்டி நிற்க வேண்டும் என்பதால், அதே 10.9 தரத்தில் நீளமான இரண்டைத் தனியாக வாங்க நேர்ந்தது. தயாரிப்பாளர் ஒரு வண்டியையாவது அளந்து பார்த்திருந்தால் இந்தச் செலவு இருந்திருக்காது.

பூச்சும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. இந்த போல்ட்டுகளின் பளபளப்பான மெல்லிய துத்தநாக முலாம், விற்கும் அட்டைப்பெட்டியில் பார்க்க அழகு. சேறு அடிக்கும் வண்டியின் அடிப்பாகத்தில், மங்கிய சாம்பல் நிறத் துத்தநாகச் செதில் பூச்சே அதிக நாள் நிற்கும். அதற்காக எவர்சில்வர் போல்ட்டைத் தேடுவதும் சரியல்ல. பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் வலிமை 700 மெகாபாஸ்கல்தான், 8.8 போல்ட்டைவிடவும் குறைவு; இறுக்கும்போது மரை ஒன்றோடொன்று உராய்ந்து கடித்துக்கொள்ளும்; ஈரத்தில் பக்கத்திலுள்ள சாதாரண இரும்பையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும்.

பலகைத் தளம் கொண்ட மிகப் பழைய வண்டிகளுக்கு இந்தத் தொகுப்பு அறவே ஒத்துவராது. அவற்றுக்கு உருண்டைத் தலையும் அதன் கீழே சதுரக் கழுத்தும் உள்ள போல்ட் வேண்டும். அந்தச் சதுரம் துளையில் பிடித்து நிற்காவிட்டால், நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பொருத்தும்போது ஒன்றைக் கவனித்தேன். மரையில் துருத்தடுப்பு கிரீஸ் பூசிவிட்டு, வண்டியின் பணிமனைக் கையேட்டில் உலர்ந்த மரைக்கெனச் சொல்லப்பட்ட முறுக்கு விசையை அப்படியே கொடுத்தால், உராய்வு குறைந்த அளவுக்குப் போல்ட்டில் இழுவிசை கூடிவிடுகிறது. ஆகவே முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சைச் சற்றுக் குறைத்தே வைத்தேன். நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடும் இழுத்து வைத்தேன். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கீழே படுத்துப் பார்த்தபோது எட்டுக் கோடுகளும் அறுபடாமல் நேராகவே இருந்தன. ஆனாலும் ரப்பர் அமுங்கியிருந்ததால், முன்பக்கத்து இரண்டு நட்டுகள் மட்டும் இன்னும் கால் சுற்று வாங்கின.