25 லீட்டர் கீசர்: சாமான் நல்லம், பூட்டித் தந்தவங்க விட்டுட்டுப் போன சூடுதான் பிழை

மட்டக்களப்புக் கல்லடியில எங்கட வீட்டுக்கு 25 லீட்டர் கீசர் ஒண்டு வாங்கிப் பூட்டி ஒரு மாரியும் ஒரு கோடையும் கண்டாச்சு, அதால இப்ப ஆறுதலா எழுதலாம். சாமானுக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பன். பூட்டித் தந்த கடைக்கு ரெண்டுக்கு மேல குடுக்க மனமில்ல.

முதல் சாமானப் பத்தி. 2000 வாட், மேல்தாங்கியில இருந்து வாற தண்ணியிலயே வடிவா வேல செய்யுது, மோட்டர் ஒண்டும் தேவையில்ல. ஒழுக்கு இல்ல, சத்தம் இல்ல. உள்ளுக்க மக்னீசியம் கோல் ஒண்டு கிடக்கு, துரு தாங்கியப் பிடிக்காம அது தன்னத்தான் கரைச்சுக் கொள்ளும், எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணிக்கு அதக் கழட்டிப் பாத்து மாத்துற ஆளிட்ட சேர்விஸ் குடுக்கிறது முக்கியம். மார்கழி மழையில விடியப்புறம் அம்மம்மா குளிக்கிறதுக்கும், சின்னவளக் குளிப்பாட்டுறதுக்கும்தான் வாங்கின, அந்த வேலைக்கு 25 லீட்டர் தாராளம்.

இனிக் கடை. பூட்ட வந்த பாஸ் (வேலை செய்ற ஆள்), பைப்பப் பூட்டி, ட்ரிப் சுவிட்ச் விழுதா எண்டு அமத்திப் பாத்து, எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சவர். ஆனா சூட்டுக் குமிழக் கடைசி வரைக்கும் திருகி அப்படியே விட்டுட்டுப் போயிட்டார். கேட்டா "அதுதான் நல்லாச் சுடும் தங்கச்சி, குறைச்சா ஆக்கள் குறை சொல்லுவாங்க" எண்டார். குமிழ்ல இலக்கம் ஒண்டும் இல்ல, சின்னப் புள்ளியில இருந்து பெரிய புள்ளி வரைக்கும் ஒரு கோடு மட்டும்தான். பெட்டிக்குள்ள வந்த கொப்பியில பாத்தாத்தான் தெரியுது, அந்தப் பெரிய புள்ளி 75 டிகிரி எண்டு. கேக்குக்கும் இறைச்சிக்கும் குத்திப் பாக்கிற தெர்மோமீட்டர எடுத்துப் பாத்ரூம் பைப்பில பிடிச்சுப் பாத்தன், 72 காட்டிச்சு.

72 எண்டா என்ன எண்டு விளங்க வேணும். 60 டிகிரித் தண்ணி பெரியாக்கள்ற தோலயே கிட்டத்தட்ட அஞ்சு செக்கனுக்குள்ள ஆழமாச் சுட்டுப் போடும். 70க்கு மேல போனா ஒரு செக்கன் கூட வேணாம், கை இழுக்க முதலே காரியம் முடிஞ்சிரும். அதே 50 டிகிரியில எண்டா அஞ்சு நிமிசம் மட்டில போகும், ஆள் விலகிறதுக்கு நேரம் கிடைக்கும். சின்னப் புள்ளையள்ற தோல் மெல்லிசு, அதுகளுக்கு இதவிடக் கெதியாச் சுடும், மறுகா அதுகளுக்கு விலகி ஓடவும் தெரியாது. அம்மம்மாக்குச் சீனி வருத்தம், பாதம் விறைச்சுப் போயிருக்கு, சூடா இல்லையா எண்டு காலுக்குத் தெரியாது. இப்படி ஆக்கள் இருக்கிற வீட்டில 75ல விட்டுட்டுப் போறது எனக்குச் சின்ன விசயமாத் தெரியேல்ல, பூட்டுற ஆள் முதல்ல கேக்க வேண்டிய கேள்வியே "வீட்டில யார் யார் இருக்கிறீங்க" எண்டதுதான்.

எங்கட ஊருக்கு இதில இன்னொரு பிரச்சின கிடக்கு, அத ஒரு கடையிலயும் சொல்ல மாட்டாங்க. கச்சான் காத்து அடிக்கிற காலத்தில மத்தியானம் மொட்டை மாடியில நிக்கிற கறுப்புத் தாங்கித் தண்ணியே சுடும். காலையில கலந்து குளிச்ச அதே அளவுக்குப் பைப்பத் திருப்பினா மத்தியானம் வாறது வேற சூடு, பச்சைத்தண்ணிப் பக்கம் பச்சையா இல்லையே. இன்னொண்டு, ஒராள் குளிச்சுக்கொண்டு நிக்கக்க குசினியில பைப்பத் திறந்தா பச்சைத்தண்ணி அமுக்கம் விழுந்து, ஷவர்ல சுடுதண்ணி மட்டும் பாயும். கீசர்ல 50 இருந்தா "ஆ" எண்டு விலகலாம். 72 இருந்தா விலக முதலே தோல் போயிரும்.

அதால நான் என்ன செஞ்ச எண்டா, மெயின் சுவிட்ச நிப்பாட்டிப் போட்டுக் குமிழப் பாதிக்குக் கொஞ்சம் கீழ திருகி, திரும்பப் போட்டு லைட் அணையுமட்டும் விட்டன். மறுகா பைப்ப ஒரு நிமிசம் ஓடவிட்டு ஒரு கோப்பையில பிடிச்சுத் தெர்மோமீட்டர வச்சன், கூடக் காட்டினா இன்னும் கொஞ்சம் குறைக்கிறது, 50 காட்டுமட்டும் இப்படித்தான். காய்ச்சல் பாக்கிறத இதுக்குப் பாவிக்க வேணாம், அது 42க்கு மேல காட்டாது. சில கீசர்ல குமிழ் மூடிக்குள்ள இருக்கும், அத நீங்க கழட்டாதீங்க, கரண்ட் வேல தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க. 28 டிகிரித் தண்ணிய 50க்கு ஏத்த 20 நிமிசத்துக்குள்ள முடியுது, 75க்கு ஏத்தினா 40 நிமிசம் பிடிக்கும், கரண்ட் பில்லும் அதுக்கேத்த மாதிரித்தான்.

அப்ப 40ல வச்சா இன்னும் பாதுகாப்புத்தானே எண்டு கேட்டாங்கள் வீட்டில. வேணாம். 20க்கும் 45க்கும் இடையில தேங்கிக் கிடக்கிற தண்ணியில லெஜியோனெல்லா எண்ட கிருமி வளரும், ஷவர்ல வாற புகார் மாதிரித் துளியோட நெஞ்சுக்குள்ள போனா நியுமோனியா வரைக்கும் கொண்டு போகும். 60ல அந்தக் கிருமி செத்துப் போகும். ரெண்டுக்கும் நல்ல வழி கீசர 60ல வச்சு, பாத்ரூமுக்குப் போற பைப்பில தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வ் ஒண்டு பூட்டுறதுதான், அது தானாக் கலந்து 45க்கு மேல விடாது, பச்சைத்தண்ணி நிண்டா சுடுதண்ணியயும் நிப்பாட்டிப் போடும். கேட்டு வாங்கக்க "மேல்தாங்கி அமுக்கத்துக்கு ஏத்தது" எண்டு சொல்லிக் கேளுங்க, கூட அமுக்கத்துக்குச் செஞ்சது எங்கட வீட்டுத் தண்ணிக்கு ஒழுங்கா ஓடாது. வால்வ் பூட்டுமட்டும் நான் 50ல வச்சிருக்கன், கிழமைக்கு ஒருக்கா ராவையில ஒருத்தரும் குளிக்காத நேரம் பாத்து 60க்கு ஏத்திப் போட்டுத் திரும்ப இறக்கிறன்.

சின்னவளுக்கு வாளியில முதல் பச்சைத்தண்ணி, பிறகுதான் சுடுதண்ணி, முழங்கையால கலக்கிப் பாத்து 37, 38 மட்டில. அவள பைப்புக்குக் கிட்டத் தனிய விடுறதில்ல, 50ல இருந்தாலும் விடுறதில்ல. தப்பித் தவறிச் சுட்டுப் போட்டா பேஸ்ட் பூசாதீங்க, எண்ணெய் பூசாதீங்க, ஐஸ் வைக்காதீங்க, ஓடுற பச்சைத்தண்ணியில 20 நிமிசம் பிடிச்சு, காப்பு மோதிரத்தக் கழட்டி, சுத்தமான துணியால மூடிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, வாகனம் இல்லாட்டி 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும்.

கடைக்குப் போய் இதெல்லாம் சொன்னன், காது குடுத்துக் கேட்டாங்கள், அதுக்கு ஒரு புள்ளி கூட்டித்தான் அந்த ரெண்டே வந்த. நீங்க வாங்கினா பாஸ் போக முதல் அவர் கையாலயே சூட்ட அளந்து காட்டச் சொல்லுங்க, எத்தின டிகிரியில விட்டுட்டுப் போறார் எண்டு பில்லில எழுதிக் கையெழுத்தும் வாங்குங்க.