ரவுட்டரில் ராமும் ஃபிளாஷும் மாற்றித் தந்த திருகோணமலைக் கடை

வீட்டில் கிடந்த டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் ரவுட்டரில் 32 எம்பி ராமும், மென்பொருளைச் சேமித்து வைக்கும் 4 எம்பி ஃபிளாஷும்தான். அந்த அளவுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளின் 19.07 பதிப்போடு சரி, அதற்குமேல் போக வேண்டுமென்றால் இரண்டு சிப்பையும் கழற்றிப் பெரிதாகப் போட வேண்டும். முதலில் காட்டிய கடையில் "இது சரிவராது, புதுசு வாங்குங்கோ" என்று மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பித் தந்துவிட்டார்கள்.

அப்புறம்தான் உள்துறைமுக வீதிப் பக்கத்து ஒழுங்கையில் ஒரே மேசையோடு வேலை செய்யும் இந்த அண்ணையிடம் போனேன். போர்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, பழைய ஃபிளாஷைக் கொப்பி எடுத்து வச்சிருக்கிறீங்களோ?"

அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஏனென்றால் ஃபிளாஷின் கடைசி 64 கேபியில் அந்தப் போர்டுக்கே உரிய வைஃபை அளவுத்திருத்தத் தரவு இருக்கிறது, தொலைத்தால் இணையத்தில் தேடி எடுக்க முடியாது. ஃபிளாஷ் சிப்பை வாசிக்கும் சிஎச்341ஏ கருவியில் இரண்டு தடவை வாசித்து, இரண்டு கோப்பும் அச்சொட்டாக ஒன்றுதானா என்று பார்த்த பிறகுதான் சிப்பைச் சூடாக்கிக் கழற்றும் ஹொட் எயாரைக் கையில் எடுத்தார்.

ராம் சிப்புக்கு 66 கால், கால்களுக்கிடையே 0.65 மில்லிமீட்டர். ஈயம் நன்றாகப் பிடிக்க ஃபிளக்ஸ் பசை தடவி, ஈயத்தை ஒரே இழுப்பில் இழுத்தார். இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டன, செப்புப் பின்னலை வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு காலாகப் பார்த்தார், அவசரமே இல்லை. புதிய ராமின் 64 எம்பியைத் தானே கண்டுகொள்ளும் யு-பூட்டையும் (ரவுட்டரைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) ஏற்றி, அந்த 64 கேபியைப் புதிய 16 எம்பி ஃபிளாஷின் கடைசியில் வைத்துத் தந்தார்.

குறை இரண்டு. ஒரு நாள் என்றவர் நாலு நாள் எடுத்தார். ஃபிளக்ஸைச் சரியாகத் துடைக்கவில்லை, போர்டு பிசுபிசுத்தது. நம்மூர் உப்புக் காற்றுக்கு அது ஆகாது, நானே ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் பழைய பல்துலக்கியும் வைத்துத் தேய்த்தேன்.

கூலி 3,500 ரூபா. விடிய விடிய ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டர் ஓடவிட்டேன், ஒரு பிழைகூட வரவில்லை. இப்போது மகளின் ஸூம் வகுப்பு நடக்கும்போது நான் எதையாவது டவுன்லோட் பண்ணினாலும் அவளுக்குக் குரல் விட்டுவிட்டு வருவதில்லை.

போகிறவர்கள் ராம் சிப்பை நீங்களே கொண்டுபோங்கள். பழைய மடிக்கணினியின் டிடிஆர்1 வகை ராம், 256 எம்பி, மொத்தம் நாலே சிப் (ஒன்று 64 எம்பி) உள்ளதாகப் பாருங்கள். எட்டு சிப் உள்ள டெஸ்க்டொப் ராம் வேண்டாம், அவை பெரும்பாலும் 8 பிட், இதற்கு 16 பிட்தான் பொருந்தும்.