குல்மார்க்கா, ஆலியா? பனிச்சறுக்குக்குக் கிளம்பும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பினால் இரண்டுக்கும் முதல் படி ஒன்றுதான்: ஓசூர் தாண்டி பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம். அதற்குப் பிறகுதான் கணக்கு மாறுகிறது. காஷ்மீரின் குல்மார்க்குக்கு ஸ்ரீநகரில் இறங்கினால் சுமார் 50 கி.மீ. கார் பயணம். உத்தரகாண்டின் ஆலிக்கு டேராடூனில் இறங்கி, ஆலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட் ஊர் வரை கிட்டத்தட்ட ஒரு முழு நாள் மலைப்பாதை. தொப்பூர் கணவாயிலேயே வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் நன்றாக யோசியுங்கள்.

இருந்தாலும், முதல்முறை ஸ்கீ கட்டுபவர்களுக்கு என் ஓட்டு ஆலிக்குத்தான். சரிவு நிதானம், கூட்டம் குறைவு, எதிரே 7,816 மீட்டர் நந்தா தேவி. உத்தரகாண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கார்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் நடத்தி வருகிறது. விழுந்து எழுந்து பழக அந்த அவகாசம் வேண்டும். ஒரே குறை, 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் புதைந்தபோது, அங்கிருந்து ஆலிக்கு ஏறும் ரோப்கார் நிறுத்தப்பட்டது. சாலைவழியாக ஏறுவதாகவே திட்டமிடுங்கள்.

குல்மார்க்கின் பலம் உயரம். ஊரே 2,650 மீட்டரில். அங்குள்ள கொண்டோலா எனும் ரோப்காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். ஆழமான தூள்பனி, ஸ்னோபோர்டு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இதைவிட்டால் நம் நாட்டில் வேறு இடம் தேட வேண்டாம். புதியவர்கள் அந்த உச்சிச் சரிவுக்குப் போகவே கூடாது, பனிச்சரிவு அபாயம் உண்டு. கீழே உள்ள புல்வெளிச் சரிவு போதும்.

எங்கே போனாலும் வாடகை பூட்ஸை அவசரப்பட்டு வாங்காதீர்கள். கொக்கிகளை இறுக்கியதும் விரல்கள் அசையணும், குதிகால் எழும்பக் கூடாது. காஷ்மீர் போகிறவர்கள் போஸ்ட்பெய்ட் சிம் எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர் ப்ரீபெய்ட் அங்கே எடுக்காது.