எஞ்சின் பராமரிப்பு: மணிக்கணக்கு ஒப்பந்தமா, சொந்தப் பொறுப்பா?

நான் வேலை பார்த்த சிறிய விமான நிறுவனத்தில் இந்தப் பேச்சு வந்தபோது இரண்டே வழிதான். எஞ்சின் ஓவர்ஹாலை (எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, தேய்ந்த பாகங்களை மாற்றிப் பூட்டுவதை) நாமே பார்த்துக்கொண்டு, வரும் பில்லை அவ்வப்போது கட்டுவது ஒன்று. பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குக் கொடுத்துவிட்டு ஓவர்ஹாலை அவர்கள் தலையில் கட்டிவிடுவது இன்னொன்று. மணிக்கணக்கைத்தான் எடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சொந்தப் பொறுப்பில் நல்லது இல்லாமல் இல்லை. மலிவான எஞ்சின் ரிப்பேர் ஷாப்பைத் தேடலாம், நல்ல நிலையில் உள்ள பழைய பாகம் போடலாம். நூறு, இருநூறு எஞ்சின் வைத்திருக்கிற பெரிய நிறுவனத்துக்கு இது கட்டுப்படியாகலாம், அந்தப் பக்கம் நான் இருந்ததில்லை.

மணிக்கணக்கு ஒன்றும் புதிதல்ல, 1962-லேயே பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் வைப்பர் எஞ்சினுக்கு இதைக் கொண்டுவந்துவிட்டது. எனக்குப் பிடித்தது இதிலுள்ள கணக்கு: முன்பு எஞ்சின் பழுதானால் தயாரிப்பாளருக்கு உதிரிபாக வியாபாரம், இதில் எஞ்சின் பறந்தால்தான் அவர்களுக்குக் காசு.

ஆனால் ஒப்பந்தத்தில் மணிக்கு எவ்வளவு என்பதைவிட மாற்று எஞ்சின் பற்றிய பிரிவைத்தான் பத்து முறை படிக்க வேண்டும். எஞ்சின் தயாரிப்பாளரான பிராட் அண்ட் விட்னியின் எஞ்சின் பாகங்களுக்கான உலோகத்தூளில் இருந்த குறைபாட்டால் 2024 தொடக்கத்தில் இண்டிகோவின் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. அதே பிராட் அண்ட் விட்னி எஞ்சின் தராததுதான் காரணம் என்று சொல்லி 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவால் மனு போட்டது, பிராட் அண்ட் விட்னி அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் இருந்தாலும் நின்றது விமானம்தான். மாற்று எஞ்சின் எத்தனை நாளில் வரும், வராவிட்டால் நாளுக்கு எவ்வளவு தருவார்கள், இரண்டும் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், பணம் கொடுத்துவிட்டதால் பொறுப்பும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்பதற்கு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ முன் பதில் சொல்ல வேண்டியது விமான நிறுவனம்தான். தயாரிப்பாளர் கைபட்டால் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் இல்லை: 1985-ல் 520 பேரைப் பலிகொண்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விபத்துக்குக் காரணம், ஏழு வருடம் முன்பு போயிங் ஆட்களே வால் பக்கத்தில் கேபினின் காற்றழுத்தத்தைத் தாங்கும் தடுப்புச்சுவரில் செய்த தப்பான ரிப்பேர். அதனால் ஒப்பந்தம் போட்ட பிறகும் காகிதங்களைச் சரிபார்க்க எங்கள் ஆட்கள் இரண்டு பேரை வைத்திருந்தோம். ஷாப்பிலிருந்து திரும்பிய ஒரு எஞ்சினில், ஒரு டிஸ்க்கின் (உள்ளே சுழலும் வட்டின்) சைக்கிள் கணக்கு, அதாவது அது எத்தனை முறை பறந்து இறங்கியது என்ற கணக்கு, இரண்டு தாளில் இரண்டு விதமாக இருந்ததைப் பிடித்தவர்கள் அவர்கள்தான். அது தீர நான்கு நாள் ஆனது, அந்த நான்கு நாளும் எஞ்சினை மாட்ட விடவில்லை.