கூட்டமா, இதழா?

டெல்டாவில் புதிதாக எழுத வருபவருக்கு எது உதவும், மாத இலக்கியக் கூட்டமா, சிற்றிதழா? இரண்டுக்கும் இங்கேயே முன்மாதிரி உண்டு. தஞ்சாவூரில் எழுத்தாளர் தஞ்சை ப்ரகாஷ் ‘சும்மா இலக்கியக் கும்பல்’, ‘கதைசொல்லிகள்’ என்று ஆட்களைக் கூட்டிப் பேசவைத்தார். கும்பகோணத்தில் எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் 1948-இல் ‘தேனீ’ இதழைத் தொடங்கினார்; கைக்காசு கரைந்து அது நின்றுபோனது.

இதழில் பெயர் அச்சாவது தனி மகிழ்ச்சிதான். ஆனால் கதை ஏன் திரும்பியது என்று ஆசிரியர் எழுதிச் சொல்வது அபூர்வம். அச்சுக்கூலி, தபால், வராத சந்தா வேறு.

கூட்டத்தில் கதையை வாய்விட்டு வாசிக்க வேண்டும். எந்தப் பத்தியில் கேட்பவர் நெளிகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். உரையாடல் செயற்கையாக இருந்தால் வாசிப்பவரின் நாக்கே இடறும். செலவு டீயும் வடையும்தான். ஒரு தொல்லை: மூத்தவர் ஒருவர் மைக்கைப் பிடித்தால் புதியவருக்கு நேரமே கிடைக்காது. அப்புறம், மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதியில் கிளம்ப வேண்டும். அவருக்கு இதழ்தான் வசதி, வீட்டிலிருந்தே அனுப்பலாம்.

என் ஓட்டு கூட்டத்துக்கு. ஞாயிறு காலையில் வையுங்கள். புதியவர் முதலில் வாசிக்கட்டும், மூத்தவர் கடைசியில் பேசட்டும். தேறிய கதைகளை வருஷத்துக்கு ஒரு தொகுப்பாகப் போட்டால் போதும், மாதாமாதம் அச்சகத்துக்கு ஓட வேண்டாம்.